கண்டக்டர் கொண்டுவந்த பத்திரிகை

மதினி,

நேற்று மத்தியானம் பேத்தி ஹரிணி தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அப்பத்தா, உனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு பாரு" என்றாள். சிவகாசியில் இருக்கிற என் கொழுந்தன் வீட்டில் விசேஷம். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் போட்டு வேலையை முடித்துவிட்டார்கள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். பிள்ளையார் தலையை ஆட்டினார். நாதசுரம் கேட்டது. காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினது மாதிரி வரைந்துகூட வைத்திருந்தார்கள். விரலால் தொட்டுப் பார்த்தேன். தொட்டதும் படம் நகர்ந்து அடுத்த பக்கம் போய்விட்டது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"தாம்பூலத் தட்டும் இதுக்குள்ளதான் இருக்காட்டி?" என்று கேட்டேன்.

"கீழ தள்ளிப் பாரு அப்பத்தா, வெத்தலைப் பாக்குப் படமும் போட்டிருக்காங்க."

கொழுந்தன் பேரை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். அது தனி. ஆனால் செத்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் ஞாபகம் வந்தால் இப்போதெல்லாம் சிரிப்புத்தான் வருகிறது. நீங்கள் போய் ஒரு ஆடியும் ஒரு தையும் கடந்துவிட்டன. பத்திரிகை என்ற சொல்லைக் கேட்டால் உடனே உங்கள் முகம் எழுந்து வருகிறது, அதற்குப் பின்னாலேயே அந்த டவுன் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது.

எனக்கு எதுவும் மறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிவைக்கிற பழக்கம் இல்லை, எல்லாம் தலைக்குள்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போவதற்காக ராஜபாளையத்தில் எங்கள் தெரு முக்கில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். திருவில்லிபுத்தூரிலிருந்து வருகிற பஸ் வந்து நின்றது. எங்கள் தெருக்காரர்தான் கண்டக்டர். படிக்கட்டில் தொங்கிக்கொண்டே, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏ அக்கா! உங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணமாமே! மாப்பிள்ளை மிலிட்டரியாமே! இந்தாங்க பத்திரிகை, டீச்சரம்மா குடுத்து விட்டாக!"

டீச்சரம்மா என்றால் நீங்கள்தான். டிக்கெட் கட்டைப் பிடித்திருந்த கையாலேயே பத்திரிகையை நீட்டினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மஞ்சள்கூடக் காயவில்லை. என் பெருவிரலில் அப்பிக்கொண்டது. மஞ்சள் காய்வதற்குக்கூடப் பொறுக்காமல் தள்ளிவிட்டிருக்கிறாள் பார் என்று அந்த இடத்திலேயே எனக்கு வயிறு எரிந்தது. வேலைக்குப் போகவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்து, பத்திரிகையைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்கு மேலே போட்டேன். சாயங்காலம் அதே கண்டக்டரிடம், இனி நேரில் யாரும் வர வேண்டாம் என்று சொல்லி விட்டேன்.

அண்ணன் அப்போது வண்டியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். தெரியும். அவனால் வர முடியாது என்றால் நீங்கள் வரலாம். நீங்களும் வர முடியாது என்றால் எங்களுக்கு மூன்றாவது வீட்டில் போன் இருந்தது, கூப்பிட்டால் ஓடிப்போய்ப் பேசியிருப்பேன். கூடப் பிறந்தவளுக்கு, பெண்ணுக்கு ஒரே அத்தைக்கு, டிக்கெட் கிழிக்கிறவர் கையில் பத்திரிகை!

கல்யாணத்துக்கு வந்தேன். வராமல் இருந்தால் அண்ணனுக்கு அசிங்கம். உங்கள் மகள் செண்பகா கழுத்தில் தாலி ஏறுகிறவரை மண்டபத்தில் நின்றேன். அட்சதை போட்டேன். பந்திக்குக் கூப்பிட்ட ஆள்களிடம் தலையை ஆட்டிவிட்டு, கை நனைக்காமல் வெளியே வந்து பஸ் ஏறினேன். அன்றைக்கு விட்டதுதான். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் உங்கள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் நான் குடித்ததில்லை. அண்ணனைப் பார்க்க வருவேன், பையில் என் தண்ணீர் பாட்டில் இருக்கும். திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நீங்கள் இருந்த அந்த வீடு நான் பிறந்த வீடு. அந்த வீட்டுக் கிணற்றில் நான் இறைக்காத தண்ணீரா? இருந்தாலும் பாட்டிலில்தான் குடித்தேன்.

நீங்களும் மாறினீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவீர்கள். அதற்குப் பிறகு "வாங்க, உட்காருங்க" ஆகிவிட்டது. அந்த "வாங்க"வையும் நான் மறக்கவில்லை.

அண்ணன் போய், நீங்களும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அந்த வீட்டில் தனியாக இருந்தபோதுதான் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினீர்கள். ஹரிணி பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பத்தா, டீச்சர் பாட்டி வீட்டுல தத்துவப் பட்டறை நடக்குதாம், நானும் போறேன்" என்றாள்.

"பட்டறையா? அருவாள் அடிக்கச் சொல்லிக் குடுக்காளா?"

"இல்ல அப்பத்தா. வட்டமா உக்காந்து பேசுறது. சண்டை ஏன் வருது, வேற வேற மாதிரி இருக்கிறவங்க எப்படிச் சேர்ந்து இருக்கிறது, அந்த மாதிரி."

"சண்டை ஏன் வருதுன்னு அவளைக் கேட்டா நல்லாத்தான் சொல்லுவா" என்றேன்.

என் மகன் அவளைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப மாட்டேன் என்றான். துணைக்கு நான்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. போனேன், பாட்டிலோடு. "வாங்க, உட்காருங்க" என்றீர்கள். கூடத்து மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வட்டத்துக்குள் வரமாட்டேன் என்று பார்வையிலேயே சொல்லிவிட்டேன், நீங்களும் கூப்பிடவில்லை.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும். இரண்டு மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ராஜபாளையத்திலிருந்து வருகிற ஒரு பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். தளவாய்புரத்தைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து இரண்டு பையன்கள், கதிரும் சந்தோஷும். ஊர்ப் பேரை எழுத மாட்டேன், அவன்களுக்கு இன்னும் அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே வகுப்பு, வேறு வேறு தெரு. இரண்டு பேர் மணிக்கட்டிலும் கயிறு, வேறு வேறு நிறம். ஒருவன் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் மற்றவன் அந்தப் பக்கம் போவான்.

முதல் நாள் நீங்கள் பலகையில் ஒரு கேள்வி எழுதினீர்கள். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால் சண்டை வராதா? பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மதம் ஒன்றானால் வராது என்றான் ஒருவன். பணம் எல்லாரிடமும் ஒரே அளவு இருந்தால் வராது என்றாள் ஹரிணி. அந்தத் தெலுங்குக்காரப் பெண் மட்டும், "எங்க வீட்டுக்குள்ள எல்லாரும் ஒரே மாதிரிதான் டீச்சர், அங்கதான் தினமும் சண்டை" என்றாள். மூலையில் இருந்த எனக்கு வாய் நிற்கவில்லை. "ஒரே வயித்துல பொறந்தவுக கூட்டத்தைப் பாக்கணும்னா கோர்ட்டு வாசலுக்குப் போங்க" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்து, "இது நல்ல பதில்" என்று பலகையில் எழுதினீர்கள். என் வார்த்தையை யாரும் அதற்கு முன்னால் பலகையில் எழுதியதில்லை. அதனால் மனசு இளகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இளகவில்லை.

உங்கள் வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒருவர் சொன்னதை மறுத்துப் பேச வேண்டுமானால், முதலில் அவர் சொன்னதை அவருக்காக நீ சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு "ஆமா, அதான்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உன் பேச்சு. அவர் "இல்லை" என்றால் திரும்பவும் முயற்சி செய்ய வேண்டும். "நான் சண்டையை விடச் சொல்லலை. சரியான சண்டையைப் போடச் சொல்றேன்" என்பீர்கள். சாப்பாட்டைப் பற்றி, சாமியைப் பற்றி, பெண் பிள்ளைகள் சைக்கிளில் போவதைப் பற்றியெல்லாம் இப்படியே பேசினார்கள். ஒரு சின்னப் பேச்சுக்கே மத்தியானம் முழுக்க ஆகும். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ஹரிணிக்கு முன்னாலேயே சேலை மாற்றிக்கொண்டு நிற்பேன்.

ஒரு சனிக்கிழமை, அந்தப் பையன்களின் ஊரில் சாமி வலம் வருகிற சப்பரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சப்பரம் தங்கள் தெரு வழியாகவும் வர வேண்டும் என்பது கதிர் பக்கம். வழக்கமாக வருகிற வழியை மாற்றக்கூடாது என்பது சந்தோஷ் பக்கம். அந்த வருஷம் அதில் கை கலந்து, ஊருக்குள் போலீஸ் நின்றது. நீங்கள் கதிரிடம், "சந்தோஷ் பக்கத்தை நீ சொல்லு" என்றீர்கள்.

"மாட்டேன் டீச்சர்."

"ஏன்லே?"

"அவன் சொல்றதை என் வாயால சொன்னா, நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். எங்க தெருவுல யாருக்காவது தெரிஞ்சா என்னைய உயிரோட விட மாட்டாங்க."

சந்தோஷும் அதையேதான் சொன்னான். அந்த ஒரு விஷயத்தில்தான் அவன்கள் இருவரும் ஒத்துப்போனார்கள்.

"எடுத்துச் சொல்றது வேற, ஒத்துக்கிறது வேற" என்றீர்கள்.

கதிருக்கு வாய் நீளம். "உங்களுக்கு ஈஸி டீச்சர். உங்களுக்கு யாரு கூடச் சண்டை? நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, பொறவு நாங்க செய்யிறோம்."

நீங்கள் கையை நீட்டி மூலையைக் காட்டினீர்கள்.

"இந்தா உக்காந்திருக்காகளே, என் நாத்தனார். இருபது வருஷத்துக்கு மேல எங்க வீட்டுல தண்ணி குடிச்சதில்லை. கையில பாட்டில் இருக்கு பாருங்க."

அத்தனை பிள்ளைகளும் திரும்பி என் பாட்டிலைப் பார்த்தார்கள். ஹரிணிக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் எழுந்து போனால் நீங்கள் ஜெயித்தது மாதிரி ஆகிவிடும். "சொல்லட்டும், கேப்போம்" என்று உட்கார்ந்தேன்.

பிள்ளைகளுக்குக் கதையைச் சொன்னீர்கள். கூட்டாமல் குறைக்காமல்தான் சொன்னீர்கள், அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு என் பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தீர்கள்.

"முறைப்படி நேரில வந்து தட்டு வச்சு அழைக்கலைன்னு அவிய கோபம்."

"இல்லை" என்றேன்.

பிள்ளைகளுக்கு ஆச்சரியம். உங்களுக்கும்தான். முறை இல்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். ஆனால் அதை உங்கள் வாயில் கேட்டபோது, அது இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது.

"நான் படிச்ச திமிர்ல, படிக்காதவதானேன்னு மட்டமா நினைச்சுக் குடுத்து விட்டேன்னு கோபம்."

"அதுவும் உண்டு. ஆனா அது இல்லை."

நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். மடவார் வளாகம் கோயிலில் உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள்.

"அந்த வீட்டுல பொறந்தவ அவ. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிவானதை, ஒரு கண்டக்டர் வாயால, பஸ்ஸுல இருக்கிற ஊரான் எல்லாம் கேக்கிற நேரத்துலதான் அவளும் கேட்டா. மாப்பிள்ளை மிலிட்டரிங்கிறது கண்டக்டருக்குத் தெரியுது, அத்தைக்குத் தெரியலை. அம்புட்டுப் பேரு முன்னால, முன்னமே தெரிஞ்ச மாதிரி சிரிக்கவும் முடியலை, தெரியாதுன்னு சொல்லவும் முடியலை."

அன்றைக்கு நான் அந்தப் பஸ் முன்னால் பாதிச் சிரிப்போடு நின்றதை யாரிடமும் சொன்னதே இல்லை மதினி. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

"ஆமா" என்றேன். "அதான்."

உடனே கதிர் என் பக்கம் திரும்பினான். "ஆச்சி, இப்ப உங்க முறை. டீச்சர் பக்கத்தை நீங்க சொல்லணும்."

"போடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டேன்.

வாசலைத் தாண்டும்போது சந்தோஷ் சொன்னது காதில் விழுந்தது. "ஆச்சி சொன்னாத்தான்லே நாமளும். இல்லைன்னா கிடையாது." அவன் கதிரோடு நேருக்கு நேர் பேசி நான் பார்த்த முதல் பேச்சு அதுதான். என் தலையில் கல்லை ஏற்றுவதற்காக இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க ஹரிணி என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள். சட்டினி அரைத்தாலும் பக்கத்தில் வந்து நிற்பாள், துணி காயப்போட்டாலும் பின்னாலேயே வருவாள். "அப்பத்தா, நீ சொல்லலைன்னா அவங்க ரெண்டு பேரும் வட்டத்தை விட்டே போயிருவாங்க. டீச்சர் பாட்டி அவங்களை நினைச்சு எம்புட்டுக் கவலைப்படுறாங்க தெரியுமா?"

"அவ பக்கம் எனக்கு என்ன தெரியும்? நான் கேட்டதே இல்லையே" என்றேன்.

"கேக்க வேண்டாம். உனக்குத்தான் எதுவும் மறக்காதே. அன்னைக்கு நடந்ததை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பாரு."

பார்த்தேன். வேறு வழி? இருபது வருஷமாகத் தினமும் பார்த்த அதே வெள்ளிக்கிழமைதான். பஸ், விசில், ஜன்னல் முகங்கள், பெருவிரலில் அப்பின மஞ்சள். ஒன்றும் புதிதாக வரவில்லை. வியாழக்கிழமை வாசல் கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சளைக் குழைக்கும்போதுதான் கை நின்றது. பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவது என்றால் மொத்தமாகத் தடவி, காயவைத்து, அடுக்கி, அதற்குப் பிறகுதான் வெளியே எடுப்பார்கள். முதல் பத்திரிகையைச் சாமிக்கு எடுத்து வைப்பார்கள். அடுத்தது வீட்டில் பிறந்த பெண்ணுக்கு. எனக்கு வந்ததில் மஞ்சள் ஈரமாக இருந்தது என்றால், அது அடுக்கிலிருந்து எடுத்தது இல்லை. சாமிக்குத் தடவின கையோடு எனக்குத் தடவினது. அந்தப் பஸ் எங்கள் முக்குக்கு வருகிறபோது வெள்ளிக்கிழமை ராகுகாலம் தொடங்கவில்லை. அடுத்த பஸ் என்றால் தொடங்கியிருக்கும்.

மஞ்சள் கையோடு வெகுநேரம் வாசலில் நின்றேன். கோபம் போய்விட்டதா என்று மனசைத் தொட்டுப் பார்த்தேன். போகவில்லை, அப்படியே இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை முதல்தடவையாக வட்டத்துக்குள் உட்கார்ந்தேன். முட்டி மடங்கவில்லை, காலை நீட்டிக்கொண்டேன். உங்களுக்காகச் சொன்னேன்.

"மாப்பிள்ளை மிலிட்டரிக்காரர். லீவு கொஞ்சம்தான். அதனால எல்லாம் ஓட்டத்துல முடிவாயிருச்சு. எங்க அண்ணன் கால் ஒடிஞ்சு கிடக்கான், வீட்டுல வேற ஆள் இல்லை. இவியதான் ஒத்தையில பாத்தாக. பத்திரிகை வந்ததும் சாமிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ராகுகாலம் வாரதுக்குள்ள என் கைக்கு வந்து சேரணும், எனக்கு முன்னால வேற யாருக்கும் போயிரக்கூடாதுன்னு, மஞ்சள் காயிறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்காக. பொறவு தட்டோட நேரில வரலாம்னு நினைச்சிருப்பாக. அதுக்குள்ள நான் வர வேண்டாம்னு சொல்லி விட்டுட்டேன்."

நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "ஆமா, அதான்" என்று சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். தலையை ஆட்டினீர்கள், இல்லை என்று.

"ஒண்ணு விட்டுட்டீங்க."

"என்ன விட்டேன்?"

"நீங்க வர வேண்டாம்னு சொல்லி விட்ட பொறவும் நான் வந்திருக்கலாம். தட்டை எல்லாம் எடுத்து வச்சுக் கிளம்பிட்டேன். ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். எனக்கு உங்களைப் பாத்துப் பயம்."

உங்களுக்கு, என்னைப் பார்த்து! இரண்டு பட்டம் வாங்கினவர், கலெக்டர் வந்தாலும் உட்கார்ந்தே பேசுகிற டீச்சர், பேண்டேஜ் துணி மடிக்கிறவளைப் பார்த்துப் பயந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போயிருக்கிறீர்கள். பொய் சொல்ல மாட்டேன் மதினி, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, என் மகன் சொந்த வீடு கட்டியபோதுகூட வந்ததில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "தட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு தடவை கிளம்பி, என்னைப் பாத்துப் பயந்து திரும்பிப் போயிட்டாக" என்று சேர்த்துச் சொன்னேன்.

"ஆமா, அதான்" என்றீர்கள். பிறகு பிள்ளைகளைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்து, "ஏட்டி, உள்ள வா, சாப்பிடுவோம்" என்றீர்கள்.

எலுமிச்சைச் சாதமும் அவித்த தட்டைப் பயறும். தட்டில் தண்ணீர் தெளித்துத் துடைத்து நீங்களே வைத்தீர்கள். கை நனைத்தேன். நாம் சாப்பிட்டு எழுந்து வந்தபோது கூடத்தில் கதிர், சப்பரம் வழி மாறினால் ஒரு தெருவுக்கு என்னென்ன போய்விடும் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தான். சந்தோஷ் "இல்ல... இல்லடா" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன்களுக்கு அது முடிய மழைக்காலம் வந்துவிட்டது.

வழக்கை நான் முடிக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் இருந்த வருஷங்களில் சனிக்கிழமைதோறும் என்னை பஸ் ஏற்றிவிட வருவீர்கள். நான் படியில் கால் வைக்கும்போது, "மூணாவது வீட்டுல போன் இருந்துச்சே, கூப்பிட்டிருக்கலாம்ல?" என்பேன். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்லைட்டி" என்று சிரிப்பீர்கள். கண்டக்டர்கள் எல்லாம் சின்னப் பையன்கள், நம்மைப் பார்த்து, பாவம் கிழவிகள் என்று விசிலை ஊதாமல் நிற்பார்கள். பதில் இல்லாத அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பதில் சொல்லியிருந்தீர்கள் என்றால் வாரா வாரம் நான் என்னத்தைக் கேட்டிருப்பேன்?

இப்போது வட்டம் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் நடக்கிறது. ஹரிணி காலேஜ் கடைசி வருஷம், அவள்தான் பலகையில் எழுதுகிறாள். சந்தோஷ் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். கதிரும் வருகிறான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை. சப்பரத்தில் ஒத்துப்போகவும் இல்லை. ஆனால் போன வருஷத் திருவிழாவில் கூட்டம் கூடினபோது, சந்தோஷின் தெருப் பெரியவர்களிடம் கதிர் தெருவின் நியாயத்தைச் சந்தோஷே எடுத்துச் சொன்னானாம். "நீ அவங்க ஆளாலே?" என்று அவன் சித்தப்பா அடிக்கப் போனாராம். "நான் உங்க ஆளுதான் சித்தப்பா. அவங்க என்ன கேக்காங்கன்னு தெரியாம எதை மறுக்கிறீங்க?" என்றானாம். சப்பரம் இன்னும் பழைய வழியில்தான் போகிறது. அந்த வருஷம் யாரும் யாரையும் அடிக்கவில்லை. அதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடலே.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். செண்பகாதான் எனக்குப் பரிமாறினாள். அவள் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து வந்துவிட்டார், கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். நான் கையைக் கழுவிவிட்டு வந்ததும் துண்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மா வீட்டுல சாப்பிட்டுட்டீங்க அத்தை. என் கல்யாணச் சாப்பாட்டை எப்ப சாப்பிடுவீங்க?"

நான் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து கதையைத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "அந்தக் கண்டக்டர் கதையை எங்கம்மா ஆயிரம் தடவை சொல்லிட்டாங்க. அது உங்க ரெண்டு பேரு சண்டை. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுச் சாப்பிட்டும் முடிச்சுட்டீங்க. என்னைய யாராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நீங்களும் கேட்கவில்லை மதினி.

"சரி, உன் பக்கத்தை நான் சொல்றேன். சரியான்னு நீ சொல்லு" என்றேன். "அத்தை சாப்பிடாமப் போனதுல மாப்பிள்ளை வீட்டார் முன்னால உனக்கு அவமானம்."

"இல்ல அத்தை."

உங்கள் மகள்தான். லேசில் விட மாட்டாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறாள். முதலில் மழை, முட்டி வலி, பேத்தி கல்யாணம் என்று பேசுவோம். வைக்கப்போகும்போது, "சொல்லுங்க அத்தை" என்பாள். நான் ஒன்று சொல்வேன். சண்டை வந்தது அவளால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள் என்றேன், இல்லை என்றாள். அத்தைக்கு அவள் மேல் பாசம் இல்லை என்று நினைத்தாள் என்றேன், "கிட்டக்க வந்துட்டீங்க, ஆனா இல்லை" என்று சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது எனக்கு. இந்த வயசில் இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்?

நேற்று ராத்திரி படுக்கும்போது அந்த மண்டபத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நான் வெளியே வருகிற வழி சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டித்தான். பொண்ணு மாப்பிள்ளையை அப்போதுதான் பந்தியில் உட்கார்த்தியிருந்தார்கள். செண்பகாவுக்கு இடது பக்கம் ஒரு இலை போட்டு, ஆள் இல்லாமல் இருந்தது. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி அதில் உட்காரப் போனாள். செண்பகா வளையல் கையை இலைமேல் வைத்து மறைத்துக்கொண்டு, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். நான் அப்போது தலையை முந்தானையால் மூடிக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். புதுப்பெண்ணுக்கு என்ன ஒரு வீம்பு, வந்தவளை உட்கார விடவில்லையே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அந்த இலை யாருக்கு என்று நேற்றுத்தான் தோன்றியது.

அந்த இலையில் பரிமாறி எடுத்துவிட்டார்களா, இல்லை பந்தி முடிகிறவரை அப்படியே இருந்ததா, எனக்குத் தெரியாது. அதற்குள் நான் பஸ் ஏறிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளிடம் அந்த இலையைத்தான் சொல்லப்போகிறேன். அதானா இல்லையா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.